கார் நிறுத்துமிடத்தின் அடியில்



டிசம்பர் 6 அன்று பேச அழைத்தால் அண்ணல் அம்பேத்கரைப் பற்றிப் பேச வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அமெரிக்காவில் ஒரு கார் நிறுத்துமிடத்தைப் பற்றியும், அதன் மேல் இப்போது எழுந்திருக்கும் ஓர் அலுவலகக் கோபுரத்தைப் பற்றியும் பேசப்போகிறேன் என்று அமைப்பாளர்களிடம் சொன்னபோது, தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி தோழர், நீங்க பாத்துக்குங்க" என்றார்கள். அந்த நம்பிக்கைக்கு நன்றி. அம்பேத்கரிடம்தான் வந்து சேருவேன். வழி மட்டும் கொஞ்சம் சுற்று.

பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் என்று ஒரு நகரம். எஃகு நகரம் என்று பள்ளிக்கூடப் புவியியலில் படித்திருப்போம். இரண்டு ஆறுகள் கூடி ஒஹையோ ஆறாக மாறும் முனையில் அதன் மையப்பகுதி இருக்கிறது. உயர்ந்த கட்டடங்கள் எல்லாம் அங்கேதான். அந்த மையத்தின் கிழக்கு ஓரத்தில், நடந்தே போகும் தூரத்தில், 28 ஏக்கர் நிலம் தார் போட்டு, வெள்ளைக் கோடு இழுத்துக் கிடந்தது. பகலில் அலுவலக ஊழியர்களின் கார்கள், மாலையில் ஐஸ் ஹாக்கி பார்க்க வருபவர்களின் கார்கள். அந்தத் தரையின் ஒரு பகுதியில் 2021-இல் வேலை தொடங்கி, இன்று 26 மாடிகளுடன் ஒரு வங்கியின் தலைமையகம் நிற்கிறது. எஃப்.என்.பி. ஃபைனான்ஷியல் சென்டர் என்று பெயர். இணையத்தில் படம் பாருங்கள், கண்ணாடிக் கட்டடம், அழகாகத்தான் இருக்கிறது.

நகரத் திட்டமிடல் படித்த யாரைக் கேட்டாலும் இதை நல்ல செய்தி என்றுதான் சொல்வார்கள். நகரத்தின் நடுவில் கார் நிற்பதற்காக நிலத்தை ஒதுக்குவது வீண். கட்டடம் வந்தால் வரி வரும், வேலை வரும், தெருவில் ஆள் நடமாட்டம் வரும். இந்த வாதத்தில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. காரைவிடக் கட்டடம் மேல்தான். நான் கேட்பது வேறு. அமெரிக்க நகரங்களில் எதற்காக மையத்திலேயே இத்தனை ஏக்கர் கார் நிறுத்துமிடம்? நகரத்தின் நடுவே இருக்கும் விலை உயர்ந்த நிலத்தைத் தார் போட்டுச் சும்மா வைத்திருந்தது யார்? அதற்கு முன் அங்கே என்ன இருந்தது? சமூகவியல் படித்ததில் எனக்கு மிஞ்சிய பழக்கம் இது ஒன்றுதான்: காலி இடத்தைப் பார்த்தால், அது எந்த வருடம் காலியானது என்று கேட்பது.

பிட்ஸ்பர்க்கின் அந்த 28 ஏக்கருக்கு விடை தெரியும். 1956.

அதற்கு முன் அந்த இடத்தின் பெயர் லோயர் ஹில். ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற பெரிய குடியிருப்பின் கீழ்ப்பகுதி. தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்து, குத்தகைக் கடனிலிருந்தும் கும்பல் கொலையிலிருந்தும் தப்பி, எஃகு ஆலை வேலையை நம்பி வடக்கே வந்த கறுப்பின மக்கள் குடியேறிய பகுதி. அவர்கள் மட்டுமல்ல, இத்தாலியர்கள், யூதர்கள், சிரியர்கள் என்று ஏழைப் புலம்பெயர்ந்தோர் பலரும் இருந்தார்கள். போகப்போகக் கறுப்பின மக்களே பெரும்பான்மை ஆனார்கள். காரணம் எளிது. மற்றவர்களுக்கு வேறு பகுதிகளில் வீடு கிடைத்தது, இவர்களுக்குக் கிடைக்கவில்லை. நம் ஊரில் வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வைலி அவென்யூ என்ற தெருதான் அதன் முதுகெலும்பு. ஜாஸ் கலைஞர்கள் வாசித்த விடுதிகள், முடிதிருத்தகங்கள், மருந்துக் கடைகள், தேவாலயங்கள். நாடு முழுவதும் கறுப்பின மக்கள் படித்த 'பிட்ஸ்பர்க் கூரியர்' இந்த மக்களின் செய்தித்தாள். அந்தப் பத்திரிகையின் புகைப்படக்காரர் டீனி ஹாரிஸ். ஒரே சொடுக்கில் படத்தை முடித்துவிடுவார் என்பதால் 'ஒன் ஷாட்' என்று பட்டப்பெயர். அவர் எடுத்த படங்களின் நெகட்டிவ்கள் ஏறக்குறைய 80,000 இன்று பிட்ஸ்பர்க்கின் கார்னகி கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன; இணையத்தில் நாமும் பார்க்கலாம். கல்யாணம், பேஸ்பால் ஆட்டம், தெருவில் குழந்தைகள், புதுக் காரின் பக்கத்தில் நிற்கும் ஒருவர், இடிபடும் வீடுகள். இங்கிருந்து பிட்ஸ்பர்க் போய் வர எனக்கு வசதியில்லை. அந்தப் படங்கள் வழியாகத்தான் அந்தத் தெருவை நான் அறிந்தேன். சேரி என்றவுடன் பத்திரிகைகள் அச்சிடும் படம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்: சாக்கடை, அழுக்கு, மூக்கொழுகும் பிள்ளை. ஹாரிஸ் அந்த மக்களில் ஒருவர். அவர் கேமரா முன்னால் மக்கள் நன்றாக உடுத்திக்கொண்டு, நிமிர்ந்து நிற்கிறார்கள்.

இந்தப் பகுதியை எப்படிக் கொன்றார்கள் என்பதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வரைபடம். 1930-களில் வீட்டுக் கடனுக்காக அமெரிக்க நடுவண் அரசின் நிறுவனம் ஒன்று நகரங்களுக்கு வண்ணம் தீட்டிய வரைபடங்கள் தயாரித்தது. பச்சை என்றால் கடன் கொடுக்கலாம், சிவப்பு என்றால் ஆபத்து. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் சிவப்பு. ஹில்லும் சிவப்பு. கடன் கிடைக்காத வீட்டுக்குக் கூரை மாற்ற முடியாது, குழாய் மாற்ற முடியாது. சொந்தக்காரன் வேறிடத்தில் இருந்து வாடகை மட்டும் வாங்கிப் போவான். பத்து வருடத்தில் வீடு பாழாகும். அடுத்ததாக அதிகாரி வந்து பார்த்துவிட்டு, "இது பாழடைந்த பகுதி" என்று எழுதுவார்.

பிட்ஸ்பர்க்கில் அப்படி எழுதியவர் ஜார்ஜ் எவன்ஸ் என்ற நகரமன்ற உறுப்பினர். 1943-இல் அவர் எழுதியதன் சாரம் இது: அந்தப் பகுதிக் கட்டடங்களில் 90 விழுக்காடு தரம் குறைந்தவை, பயன்படும் காலம் முடிந்தவை, ஆகவே எல்லாவற்றையும் அழித்தாலும் சமூக இழப்பு எதுவும் இல்லை. அந்தக் கடைசிப் பகுதியை நான் பலமுறை படித்தேன். சமூக இழப்பு எதுவும் இல்லை. கட்டடத்தைப் பற்றித் தொடங்கிய வாக்கியம், அதில் இருந்தவர்களைப் பற்றிய தீர்ப்பாக முடிகிறது.

பிறகு பணம். 1949-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்படி, இப்படிப்பட்ட பகுதிகளை வாங்கி இடித்துத் தனியாருக்குக் குறைந்த விலையில் கொடுப்பதால் நகராட்சிக்கு ஏற்படும் நிகரச் செலவில் மூன்றில் இரண்டு பங்கை நடுவண் அரசே தந்தது. 1954-இல் உச்ச நீதிமன்றமும், பாழடைந்த பகுதியைப் பொது நோக்கத்துக்காக எடுத்துத் தனியாரிடம் கொடுப்பது சரிதான் என்றது. இந்தத் திட்டத்துக்கு 'நகரப் புதுப்பித்தல்' என்று பெயர். எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1963-இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில், இதற்குக் கறுப்பர்களை அகற்றுதல் என்றுதான் பொருள் என்று சொன்னார்.

1956-இல் இடிப்பு தொடங்கியது. 95 ஏக்கர். 8,000-க்கும் மேற்பட்ட மக்கள், 400-க்கும் மேற்பட்ட கடைகளும் தொழில்களும். 1957-இல் பெத்தெல் ஏ.எம்.இ. தேவாலயம் இடிக்கப்பட்டது. அது 1808-இல் தொடங்கிய சபை, பிட்ஸ்பர்க்கின் மிகப் பழைய கறுப்பினச் சபை. அதே இடிப்புப் பகுதியில் எபிஃபனி என்ற கத்தோலிக்கத் தேவாலயம் மட்டும் இடிபடாமல் தப்பியது, இன்றும் நிற்கிறது. எதை இடிக்க முடிந்தது, எதை இடிக்கத் தயங்கினார்கள் என்று பாருங்கள். நெடுஞ்சாலை வரைபடத்தில் கோடு போடும்போது கோயிலுக்கு வளையும் கோடு, சேரிக்கு வளையாததை நாம் பார்த்ததில்லையா?

இவ்வளவையும் அகற்றி என்ன கட்டினார்கள் என்றால், ஒரு குவிமாடம். சிவிக் அரினா. 1961-இல் திறந்தார்கள். கூரை விரிந்து திறக்கும், நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டே இசை நாடகம் கேட்கலாம் என்பது திட்டம். நகரத்தின் பெரிய துணிக்கடை முதலாளி ஒருவரின் ஆசை அது. உள்ளே ஒலி சரியாகக் கேட்கவில்லை. இசை நாடகம் போய் ஹாக்கி வந்தது. கூரை திறப்பதும் நாளடைவில் நின்றது. பக்கத்தில் கட்டுவதாகச் சொன்ன கலை வளாகம் கனவோடு சரி. நெடுஞ்சாலை ஒன்று வந்து மீதியிருந்த ஹில்லையும் நகர மையத்தையும் வெட்டிப் பிரித்தது. அரங்கைச் சுற்றிப் பெரும்பகுதி கார் நிறுத்துமிடமானது. வீடு இருந்த இடத்தில் கார் நின்றது, அறுபது ஆண்டுகள்.

பிட்ஸ்பர்க் தனி உதாரணம் இல்லை. வட கரோலினாவின் சார்லட் நகரத்தில் புரூக்ளின் என்ற கறுப்பினப் பகுதியிலிருந்து 1,007 குடும்பங்களை வெளியேற்றினார்கள். பதிலுக்கு அங்கே ஒரு வீடுகூடக் கட்டவில்லை. டெட்ராய்ட்டில் பிளாக் பாட்டம், லாஸ் ஏஞ்சலஸில் பங்கர் ஹில். ஒவ்வொன்றுக்கும் தனி உரை வேண்டும், விட்டுவிடுகிறேன்.

ஆனால் ஒரு கேள்வியை விட முடியாது. இடித்த கையோடு ஏன் கட்டவில்லை? ஏன் கார் நிறுத்துமிடம்? மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க நகரங்களில் பெரும்பாலும் சொத்துவரியின் சுமை கட்டடத்தின் மேல் விழுகிறது. வெறும் தார்த் தரைக்கு வரி சொற்பம். பராமரிப்பு கிடையாது. ஒரு தடுப்புக் கட்டை, ஒரு சீட்டு இயந்திரம், பேருக்கு ஓர் ஆள். தினமும் காசு வரும். நிலத்தின் விலை ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே கார் நிறுத்துமிடம் என்பது நிலத்தைப் பொத்தி வைக்கும் ஒரு முறை. சரியான காலம், வட்டி குறைந்த கடன், வரிச் சலுகை, பெரிய வாடகைதாரர் என்று நான்கும் கூடிவரும்வரை வைத்திருக்கலாம். நிலத்துக்கு அவசரமில்லை. அங்கிருந்து துரத்தப்பட்டவர்கள் அதற்குள் செத்துப்போயிருப்பார்கள். கோபுரம் எழும்போது, "இங்கே என்ன இருந்தது?" என்று கேட்டால், உண்மையாகவே எல்லோரும் சொல்வார்கள்: கார் நிறுத்துமிடம். இடித்தவனுக்கும் கட்டுபவனுக்கும் நடுவே தார்த் தரை ஒரு திரை. கோபுரம் கட்டும் வங்கி யாரையும் வெளியேற்றவில்லை, அது சத்தியமான பேச்சு. 1930-களில் சிவப்புக் கோடு போட்டது இந்த வங்கி என்றும் நான் சொல்லவில்லை. எந்த வங்கியின் கடனும் வரக்கூடாது என்று ஒதுக்கிய நிலத்தில் ஒரு வங்கியின் தலைமையகம் நிற்கிறது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இது ஓர் இலக்கிய அமைப்பின் மேடை என்பதால் ஆகஸ்ட் வில்சனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1945-இல் ஹில் டிஸ்ட்ரிக்டில் பிறந்தவர். இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாகப் பத்து நாடகங்கள் எழுதினார். ஒன்பது நாடகங்கள் ஹில்லில்தான் நடக்கின்றன. 'டூ ட்ரெயின்ஸ் ரன்னிங்' 1969-இல் நடப்பது. இடிக்கப்படப்போகும் ஒரு சாப்பாட்டுக் கடை. உரிமையாளர் மெம்ஃபிஸ். நகராட்சி விலை பேசுகிறது. தனக்கு 25,000 டாலர் வேண்டும், ஒரு காசு குறைந்தாலும் முடியாது என்று நிற்கிறார். நகராட்சியோடு பேரம் பேசுகிற கிழவன் என்று முதலில் தோன்றும். போகப்போக, தெற்கே மிசிசிப்பியில் அவருக்கு நிலம் இருந்ததும், அதை இழந்ததும் தெரிகிறது. தண்ணீர் இல்லாத நிலம் என்று விற்றார்கள். இவர் கிணறு தோண்டித் தண்ணீர் கண்டார். தண்ணீர் கிடைத்தால் விற்பனை செல்லாது என்று பத்திரத்தில் இருக்கிறது என்றார்கள். கோவேறு கழுதையைக் கொன்று, பயிரைக் கொளுத்தித் துரத்தினார்கள். அங்கே நிலத்துக்கு, இங்கே கடைக்கு என்று ஒரே மனிதன் ஒரே வாழ்நாளில் இரண்டு முறை. கடைசியில் நகராட்சி கேட்டதற்கு மேல் 35,000 டாலர் கொடுக்கிறது. வில்சன் அதை வெற்றியாகவும் காட்டுகிறார். கடை இடிபடப்போவதையும் மறைக்கவில்லை.

அவருடைய கடைசி நாடகம் 'ரேடியோ கோல்ஃப்'. அதில் ஹில்லைப் புதுப்பிக்க வருபவர்களே கறுப்பினத்தவர்கள், படித்தவர்கள், வசதியானவர்கள். அந்தப் பகுதி பாழடைந்தது என்று அரசு அறிவித்தால்தான் திட்டத்துக்குப் பணம் வரும் என்பதால், அந்த அறிவிப்புக்காகக் காத்திருக்கிறார்கள். இந்த நாடகத்தைத் தமிழில் யாராவது போட வேண்டும். பத்திர எழுத்தர், நில முகவர், ஒன்றியக் கவுன்சிலர் என்று நம்மவர்களே நம் நிலத்துக்கு விலை பேசும் காலம் நமக்கும் வந்துவிட்டது. அதைப் பற்றி நாம் எழுதுவது குறைவு.

ஹில் மக்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிராஃபோர்டு தெருவும் சென்டர் அவென்யூவும் கூடும் முனையில் 1960-களில் ஒரு பெரிய பலகை நட்டார்கள்: இதற்கு மேல் உங்கள் புதுப்பித்தல் வரக்கூடாது, ஏழைகளுக்கு வீடு கட்டுங்கள் என்று. அந்த முனைக்கு ஃப்ரீடம் கார்னர் என்று பெயர். லோயர் ஹில் போய்விட்டது, ஆனால் இடிப்பு இயந்திரம் அந்த முனையைத் தாண்டி மேலே ஏறவில்லை. இது சிறிய வெற்றி இல்லை.

2007-இல் ஹாக்கி அணி ஊரைவிட்டுப் போய்விடுவோம் என்று மிரட்டிப் புதிய அரங்கம் ஒன்றும், பழைய அரங்கத்தைச் சுற்றிய 28 ஏக்கரின் வளர்ச்சி உரிமையும் பெற்றது. நிலம் பொது அமைப்புகளிடம், அதில் என்ன கட்டலாம் என்ற உரிமை விளையாட்டு அணியிடம். பழைய குவிமாடத்தை 2011-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அப்போதிருந்து ஹில் அமைப்புகள் விடாமல் போராடி 2014-இல் ஓர் உடன்பாடு கொண்டுவந்தன: ஒப்பந்தப் பணிகளில் 30 விழுக்காடு சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கு, 15 விழுக்காடு பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு, குறைந்த வருமானத்தாருக்கு வீடுகள். கோபுரத்தின் வரியோடு இணைத்து ஒரு பகுதிப் பணத்தை ஹில்லின் நிதிக்குத் திருப்பும் ஏற்பாடும் வந்தது. நெடுஞ்சாலைப் பள்ளத்தின் மேல் 3 ஏக்கரில் பூங்கா அமைத்து, ஹில்லின் செயற்பாட்டாளர் ஃபிராங்கி பேஸ் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இந்த உடன்பாட்டை ஏற்பதா எதிர்ப்பதா என்பதில் ஹில் அமைப்புகளுக்குள் ஒரே கருத்து இல்லை. தூரத்தில் இருந்து தீர்ப்பு சொல்வது எளிது, ஆனாலும் என் கருத்தைச் சொல்கிறேன். நடந்த வரிசையைப் பாருங்கள். வீடுகள் திட்டத்தில் இருக்கின்றன. முதலில் எழுந்தது அலுவலகக் கோபுரம். அடுத்து அனுமதி பெற்றது ஓர் இசை நிகழ்ச்சி அரங்கமும், அதற்கென்று அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடமும். ஆம், மறுபடியும் கார் நிறுத்துமிடம். விழுக்காடு, நிதி, பூங்கா, பெயர்ப்பலகை எல்லாம் வந்தன. வீடு கடைசி வரிசையில் நிற்கிறது. விழுக்காட்டைக் கணக்குக் காட்டிச் சரிக்கட்ட முடியும். நிதியை அடுத்த மேயர் திசை மாற்ற முடியும். என் பார்வையில் அங்கே கிடைத்தவற்றில் கனமானது ஒன்றுதான். 1957-இல் இடிக்கப்பட்ட பெத்தெல் சபை தன் நிலத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தது. 2023-இல் ஹாக்கி அணி அந்தச் சபைக்கு 1.5 ஏக்கர் தர ஒப்புக்கொண்டது. 95 ஏக்கரில் 1.5. சிரிப்பு வரலாம். ஆனால் அது நிலம். யார் பெயரில் பட்டா என்ற கேள்விக்கு அங்கே ஒரு விடை மாறியிருக்கிறது. அந்தச் சபை மற்றவர்களைவிட ஒரு விதத்தில் வலுவாக இருந்தது: தன்னிடமிருந்து எடுக்கப்பட்டது எது, எந்த வருடம், எந்த மூலையில், என்ன விலைக்கு என்று அதனிடம் எழுத்தில் இருந்தது.

இப்போது அம்பேத்கர். 1946-இல் அவர் டபிள்யூ. இ. பி. துபாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு ஒரு மனு கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அதன் பிரதி கிடைக்குமா என்று கேட்டார். தீண்டப்படாதவர்களின் நிலையும் அவர்களின் நிலையும் நெருங்கியவை என்பதையும் குறிப்பிட்டார். துபாய்ஸ் பதில் எழுதினார். இந்தக் கடிதத்தைப் பற்றி நாம் அடிக்கடி பெருமையாகப் பேசுகிறோம். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது அவர் கேட்ட பொருள்: ஆவணத்தின் பிரதி. அனுதாபத்தையோ வாழ்த்தையோ அவர் கேட்கவில்லை. அவர்கள் வழக்கை எப்படி எழுதினார்கள் என்று பார்க்க விரும்பினார்.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புனிதப்படுத்துவதை அவர் கடுமையாக மறுத்தார். நம்மில் பலரின் பாட்டன்மார் அந்தக் காலத்தில் கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்தவர்கள். மிசிசிப்பியிலிருந்து பிட்ஸ்பர்க் போனவர்களின் அதே காரணம், ஏறக்குறைய அதே ஆண்டுகள். நகரத்தில் யாரும் பெயரோடு சாதி கேட்க மாட்டார்கள் என்று நம்பினார்கள். நகரம் சாதியைக் கேட்கவில்லை. சர்வே எண்ணைக் கேட்டது.

'புறம்போக்கு' என்ற சொல்லைப் பாருங்கள். வருவாய்க் கணக்குக்குப் புறம்பாக நிற்கும் பொது நிலம் என்று பொருள். இன்று அது ஒரு வசைச்சொல். நிலத்துக்கு வைத்த பெயர் அதில் குடியிருந்த மனிதர்கள் மேல் ஒட்டிக்கொண்டது. கூவம் கரையில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர் ஆக்கிரமிப்பாளர். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றி எழுந்திருப்பவை வளர்ச்சி. 1971-இல் தமிழ்நாடு குடிசைப் பகுதிச் சட்டம் வந்தபோது, இருக்கும் இடத்திலேயே வீடு கட்டித் தருவது என்ற கொள்கைக்கு வலு இருந்தது. சென்னையின் நடுவே இன்றும் நிற்கும் பழைய வாரியக் குடியிருப்புகள் அதற்குச் சாட்சி. 2000-ஆம் ஆண்டு வாக்கில் கண்ணகி நகர் வந்தது, பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். அதே 2000-இல் உச்ச நீதிமன்றம் அல்மித்ரா படேல் வழக்கில், குடிசைவாசிக்கு மாற்று நிலம் கொடுப்பதைப் பிக்பாக்கெட் அடித்தவனுக்குப் பரிசு கொடுப்பதோடு ஒப்பிட்டது. அதே ஆண்டுதான் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது.

கண்ணகி நகரின் முதல் கட்ட வீடுகள் 200 சதுர அடிக்கும் குறைவு. ஒரு கார் நிற்கத் திட்ட விதி கேட்பது இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம், அதாவது சுமார் 135 சதுர அடி. கார் உள்ளே வந்து திரும்பிப் போகும் வழியையும் சேர்த்தால் ஒரு காருக்கு 250 சதுர அடிக்குக் குறையாது. ஓ.எம்.ஆர். கோபுரம் ஒன்றின் அடித்தளத்தில் ஒரு காருக்குக் கிடைக்கும் இடம், அதே கோபுரத்தைத் துடைக்க விடியற்காலையில் கண்ணகி நகரிலிருந்து வரும் அக்காவின் குடும்பத்துக்குக் கிடைத்ததைவிடக் கூடுதல். இதற்கு மேல் நான் விளக்கம் சொல்ல வேண்டுமா?

ஓ.எம்.ஆர். ஓடுவது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில். அந்த மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர்தான் 1891-இல் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்தவர். அதன் தொடர்ச்சியாக 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. நிலத்தை முதல் பத்தாண்டுகள் விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் அரசு திரும்ப எடுக்கலாம் என்பது நிபந்தனை. மெம்ஃபிஸின் பத்திரத்தில் இருந்த நிபந்தனை அவரிடமிருந்து பறிப்பதற்கு. நம் பத்திரத்தில் இருந்த நிபந்தனை நம்மிடமிருந்து பறிக்காமல் இருப்பதற்கு. இரண்டு நிலமும் போனது. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் கரணைப் போராட்டத்தின்போது ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். அவர்கள் பெயரை இந்த மேடையில் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

எந்தக் கோபுரம் பஞ்சமி நிலத்தில் நிற்கிறது என்று பொதுவாகக் குற்றம் சாட்ட நான் இங்கே வரவில்லை. அப்படிப் பொதுவாகப் பேசி நாம் நிறையக் கைதட்டல் வாங்கிவிட்டோம். பெத்தெல் சபை வைத்திருந்தது போன்ற காகிதம் நம்மிடம் இல்லை என்பதுதான் என் கவலை. பழைய 'அ' பதிவேட்டில் டி.சி. நிலம் என்று இருக்கும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு பல இடங்களில் அந்தக் குறிப்பைக் காணோம். இன்று இணையத்தில் சிட்டா எடுத்தால் வருவது புதிய பதிவு மட்டுமே. தார் போட்ட தரையைப் போல அதுவும் சுத்தமாக இருக்கும். அடியில் இருப்பதைப் பார்க்கப் பழைய பதிவேடு வேண்டும். அது வட்டாட்சியர் அலுவலக அலமாரியிலும் ஆவணக் காப்பகத்திலும் தூசியில் கிடக்கிறது. கரையான் நமக்காகக் காத்திருக்காது.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். ஆய்வேடு எழுதுபவர்கள் கோட்பாட்டில் ஓர் அத்தியாயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், நெறியாளரிடம் நான் வேண்டுமானால் பேசுகிறேன். தினமும் பேருந்தில் கடந்துபோகும் கட்டடம் ஒன்றையோ வண்டி நிறுத்துமிடம் ஒன்றையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். பழைய 'அ' பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முதல் மனுவுக்குப் பதில் வராது, மேல்முறையீடு செய்யுங்கள். வில்லங்கச் சான்று எடுங்கள். அங்கே முன்பு குடியிருந்தவர்கள் பெரும்பாக்கத்திலோ செம்மஞ்சேரியிலோ இருப்பார்கள், போய்ப் பாருங்கள். அவர்களிடம் பழைய குடும்ப அட்டை இருக்கும், மின்கட்டண அட்டை இருக்கும், கல்யாணப் படம் இருக்கும். அந்தப் படத்தில் பின்னால் தெரியும் சுவர்கூட ஒரு சாட்சி. டீனி ஹாரிஸ் நமக்கு இல்லை. ஸ்டுடியோக்காரர்கள் எடுத்த ஆல்பங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வெளியேற்றத்திலும், ஒவ்வொரு வெள்ளத்திலும் அவை அழிந்துகொண்டிருக்கின்றன. வாங்கிக்கொண்டு வராதீர்கள், அங்கேயே படம் பிடித்துவிட்டு அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள்.

சோழிங்கநல்லூர் வட்டத்தில் மூன்று மாணவர்கள் இதைத் தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு கிராமங்களின் பதிவேட்டு நகல் கைக்கு வந்துவிட்டது, மூன்றாவது கிராமத்துக்கு மேல்முறையீடு நடக்கிறது. பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள், முக்கியமாக ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்கள் யாராவது இந்த அரங்கில் இருந்தால், அவர்களுக்கு உடனே தேவைப்படுகிறீர்கள். மூவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். போகும்போது பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.